ஆயிரம் இறாத்தல்

கைநூலில் ஒரே வரிதான்:
இந்த வாகனத்தால் எதையும் இழுக்க வேண்டாம்.
ரெய்யோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதை வாசித்தான்,
எண்ணெய்க் கையால் பக்கத்தை மூடினான்.
"இது கம்பனியின் வக்கீல் எழுதினது,
இரும்பு எழுதினதில்லை."
ஹிட்ச் பூட்டி முடித்தபிறகு அவனே சொன்னான்:
"ஆயிரம் இறாத்தல்.
அதற்குமேல் ஒரு வாழைப்பழமும் வேண்டாம்."

தண்டர் பேயில் இப்படியொரு கார் எதற்கென்று
என்னைக் கேட்காதவர் இல்லை.
கத்தரிப்பூ நிறம். இரண்டே கதவு.
பின்சீற்றுக்குக் கும்பிட்டபடிதான் ஏறவேண்டும்.
எக்ஸ்ரே அறையில் இருபது வருடம்
ஊராரின் எலும்பைப் பார்த்தவளுக்குக்
கொஞ்சம் தசை பார்க்க ஆசை வந்தது,
அவ்வளவுதான்.

பனிக்கு இது நிற்குமா என்றாள் மச்சாள்.
நாலு சக்கரமும் இழுக்கும் என்றேன்.
முழு உண்மை அதில்லை.
வெயில் நாளில் பின்னிரண்டும்தான் உழைக்கும்,
முன்னிரண்டு சும்மா உருண்டு வரும்,
கலியாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.
குளிர் நாலு பாகைக்கு இறங்கினாலோ
வைப்பர் துடைக்கத் தொடங்கினாலோ
அடியில் எங்கோ ஒரு பல் இன்னொரு பல்லைக் கவ்வும்.
சத்தம் வராது.
ஸ்டீயரிங் மட்டும் ஒரு நூல் பாரமாகும்.

படகு நிப்பிகனில் வாங்கியது.
பதினாலடி அலுமினியம், இருநூற்று எண்பது.
மோட்டார் நூற்றைம்பது. ட்ரெயிலர் முந்நூற்றிருபது.
பெற்றோல் தாங்கி, பற்றரி, நங்கூரம், ஐஸ் பெட்டி,
தவசீலனின் உயிர்காப்பு அங்கிகள் இரண்டு;
ஒன்றின்மேல் ஒன்று போடுகிற மனிதர்.
கட்டிலில் இருந்து கூட்டிப் பார்த்தேன்,
தொளாயிரத்து அறுபது.
மிச்ச நாற்பதுக்குள்
தேத்தண்ணிப் போத்தல், புட்டு, பிடிபடப்போகும் மீன்.
மீனை நம்பிப்
புட்டைக் குறைத்தேன்.

இழுப்பது கஷ்டமில்லை,
பின்னால் விடுவதுதான்.
ட்ரெயிலர் இடப்பக்கம் போக
நீ வலப்பக்கம் திருப்பவேண்டும்.
முதல் கோடை முழுக்க, ஞாயிறு காலைகளில்,
வோல்மார்ட் தரிப்பிடத்தில்
"ஒடி! ஒடி!" என்று கத்தினார் தவசீலன்,
எந்தப் பக்கமென்று சொல்லாமல்.
ஒருநாள் பேசாமல் இறங்கித்
திறப்பை அவர் கையில் கொடுத்தேன்.
ஐந்து நிமிடத்தில் காரும் ட்ரெயிலரும்
முழங்கைபோல் மடிந்து நின்றன.
அதன்பிறகு கத்துவதில்லை,
கைகளை மட்டும் அசைக்கிறார்,
விமானத்தை இறக்குகிறவர் மாதிரி.

ஒக்ரோபர் கடைசி.
படகைக் குளிர்காலத்துக்கு ஏற்றும் நாள்.
பாதி மழை, பாதி பனி.
சுப்பீரியர் ஏரி துறைப்பாசியை நக்கிக்கொண்டிருந்தது.
பின்னால் வரிசையில் மூன்று பிக்கப்,
ஒவ்வொன்றும் எங்கள் வரவேற்பறை அளவு.
உள்ளிருந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள்.
ஒரு கத்தரிக்காய் வழுக்குவதைப் பார்க்க
யாருக்குத்தான் ஆசையில்லை?

வழுக்கியது.
பின்சக்கரங்கள் பாசியில் வெறுமனே சுழலக்
கார் அரையடி ஏரிப்பக்கம் இறங்கியது,
என் வயிறும் கூடவே.
காலைத் தளர்த்தினேன்.
முந்நூற்றைந்து குதிரைகள் உள்ளே கனைக்க
ஆறை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.
மேலே, பாசியேறாத கொங்கிரீட்டில்,
மாப்பிள்ளைத் தோழர் இருவரும்
ஒருவழியாகச் சட்டைக்கையை மடித்தார்கள்.
அங்குலம். அங்குலம். பிறகு ஒரு முழம்.

யாரும் கைதட்டவில்லை.
முதல் பிக்கப்காரன் விளக்கை ஒருதரம் அணைத்து ஏற்றினான்,
நேரமாகுது என்பதற்காகவும் இருக்கலாம்.
தவசீலன் இரண்டு அங்கியோடும் ஈரமாய் ஏறி
ஹீற்றரைக் கூட்டினார்.

படகின் அடைப்பைக் கழற்றிவிட்டு
நெடுஞ்சாலைக்கு ஏறினோம்.
மீன் ஒன்றுமில்லை. அவர் புட்டைத் திறந்து
"கொஞ்சமாத்தானே வைச்சிருக்கிறீர்" என்றார்.
கண்ணாடியில் பார்த்தேன்,
படகின் ஓட்டையிலிருந்து ஏரி
மெல்லிய கோடாய், வளைவுக்கு வளைவு
எங்கள் பின்னால் ஒழுகிக்கொண்டு வந்தது.
அத்தனை தண்ணீரை
நான் கணக்கில் கூட்டியிருக்கவேயில்லை.