இரண்டு குட்டிகள்

பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு.
பதினான்கு பிள்ளைகள், ஒரு மின்விசிறி.
இந்த ஞாயிறு ஏசாவும் யாக்கோபும்.
ஒரு சட்டி பருப்புக் கூழுக்கு
மூத்தவன் உரிமையை விற்ற இடத்தில் சிரித்தார்கள்.
"பசி வந்தா எங்கண்ணன் என்னையே வித்துருவான் டீச்சர்"
என்றது கடைசி வரிசை.

தாய் சொல்லிக்கொடுத்த பொய்க்கு வந்தபோது
சாக்பீஸ் ஒடிந்தது.
மந்தைக்குப் போ, நல்ல குட்டியாய் இரண்டு கொண்டு வா
என்கிறாள் ரெபேக்கா.
இரண்டு.
நானும் இரண்டுதான்.

அப்போது சின்னவன் சந்தியாகுக்குக்
காரைக்குடியில் இடம் கிடைத்திருந்தது.
பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி.
பெரியவன் அடைக்கலம் வளர்த்தது பதினோரு உருப்படி,
பொட்டலில் கருவேல நெற்று தின்று கொழுத்தவை.
அவன் கல்லலில் ஒரு கல்யாண வீட்டுக்குப்
பந்தல்கால் ஊன்றப் போயிருந்தான்.
கறுப்பையும், நெற்றியில் வெள்ளை விழுந்ததையும்
நானே கயிறு போட்டு யாவாரியிடம் கொடுத்தேன்.

அந்தியில் வந்து எண்ணினான். ஒன்பது.
"நாய் வெரட்டிருச்சுப்பா, கம்மாப் பக்கம் ஓடுச்சு."
சோறு தொடாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான்.
பதினோரு மணி வரைக்கும்
இரண்டு பெயரைக் கூப்பிடும் குரல்
கண்மாயைச் சுற்றிச் சுற்றி வந்தது.
நான் விழித்தபடி படுத்திருந்தேன்.
பணம் தலையணை உறைக்குள் இருந்தது.

ஞானஸ்நானத்தன்றே சாமியார் சொன்னார்,
சந்தியாகு என்றால் யாக்கோபுதான்,
கடல் தாண்டி வந்ததில் உச்சரிப்பு மாறிப்போச்சு என்று.
அன்றைக்குக் கவனிக்காமல்
சர்க்கரை பங்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் பெரியவன் மேல்தான் உயிர்.
கெளுத்தியும் அயிரையும் கொண்டுவருவான், அது போதும் அவருக்கு.
எனக்குப் புத்தகத்தோடு மூலையில் கிடந்த பிள்ளை.
ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்,
பலகாரத் தட்டில் எடுப்பதுபோல.
வேதத்தில் அது ஒரே ஒரு வசனம்.
எங்கள் வீட்டில் இருபத்தாறு வருசம்.

போன கிறிஸ்மசுக்குத் தோகாவிலிருந்து வந்தான் சின்னவன்.
தான் வருமுன்னே பெட்டிகளை அனுப்பியிருந்தான்,
அண்ணன் முகத்தில் முழிக்கப் பயந்த யாக்கோபு
மந்தை மந்தையாய் முன்னால் விட்ட மாதிரி.
சென்ட், கம்பளி, ஒரு பெரிய டார்ச்.
தேவகோட்டை ரஸ்தாவுக்கு அடைக்கலம்தான் வண்டி கொண்டுபோனான்.
கட்டிப்பிடித்து அழுதார்களா என்று எனக்குத் தெரியாது.
பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து
"தம்பி நடந்து வர்றான், காலு மரத்துப்போச்சாம்" என்றான்.

ராத்திரி முற்றத்தில் அந்த டார்ச்சை அடித்துப் பார்த்தான்.
எதிர்வீட்டு மச்சு வரைக்கும் வெளிச்சம்.
"அன்னைக்கு இது இருந்திருக்கணும்ம்மா" என்றான்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"கறுப்பன் தலையை மறுநாளே கறிக்கடைல பார்த்தேன்.
எடது காது பிளந்திருக்கும்ல."
அவ்வளவுதான்.
தம்பி முகத்தில் வெளிச்சம் அடித்தான்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
குழம்பைச் சூடு பண்ணப் போனவள்
அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றேன்.

"டீச்சர், அந்த அப்பாட்ட
ஒரே ஒரு ஆசீர்வாதம்தான் இருந்துச்சா?"
கடைசி வரிசை விடுவதாயில்லை.
ஏசாவும் அதையே கேட்டுத்தான் வாய்விட்டு அழுதான் என்றேன்.
"அப்புறம்?"
மணி அடித்துவிட்டது.

கைகூப்பி நின்றார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள்.
ஆபிரகாமின் கடவுளே.
ஈசாக்கின் கடவுளே.
யாக்கோபின் கடவுளே.
வாய் நிற்கவில்லை.
ஏசாவின் கடவுளே, என்றேன்.

பதினான்கு குரலும் ஓடு அதிரச் சொல்லின.
வாசலைக் கடந்துகொண்டிருந்த சாமியார்
ஒரு கணம் நின்றார்.
பிறகு, செருப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.