எட்டாம் வகுப்பு பி பிரிவின் கேள்விகள்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டிக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணி முடித்த கையோடு
என் கடைக்குள் நுழைந்தார்கள், பதினோரு பேர்.

"ஃப்ளாரன்ஸ் மிஸ் அனுப்பிச்சாங்க.
தெருவுல கீற படம் ஒண்ணப் படிச்சிட்டு வரணும்.
நாங்க உங்க பேனர எடுத்துக்கினோம்."

படிக்க அதில் என்ன இருக்கிறது என்றேன்.
எழுத்தெல்லாம் நானே பார்த்தது, பிழை இருக்காது.
(இருந்தது. நீராட்டு விழாவில்
ஒரு காலைக் காணோம். அதையும் சொன்னார்கள்.)

தீனதயாளன் நோட்டைப் பிரித்தான்.
விழா யோகலட்சுமிக்கு.
பெரிய தலை ஏன் வட்டச் செயலாளருக்கு?
அவர்தான்டா துட்டு குடுத்தாரு.
எழுதிக்கொண்டான்:
துட்டு எவ்வளவோ தலை அவ்வளவு.

புலி எதுக்கு?
மாமன்கள் ஒன்பது பேர்,
நடுவில் காலியிடம் கிடந்தது,
காலியாக விட்டால் கஸ்டமர் திட்டுவார்.

மூன்றாம் கேள்வியை அவர்களே அடித்திருந்தார்கள்.
நான்காவது:
இந்தக் கை யாருது?

வளையல் அடுக்கிய அந்தக் கை,
பட்டுப்புடவை கட்டிய அந்த உடம்பு
ஏழு வருஷமாக என் கணினியில் இருக்கிறது.
எங்கிருந்தோ இறக்கியது.
வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை,
முந்நூறு பெண்கள்
அந்த ஒரே உடம்பில் பெரியவர்கள் ஆனார்கள்.

"அந்த உடம்போட சொந்தத் தலை எங்கண்ணா?"
இது நோட்டில் இல்லாத கேள்வி.
ஃப்ளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னால்
இதுவரை வாய் திறக்காமல் நின்றவள் கேட்டாள்.
பேனரில் பார்த்த முகம்தான்.
ஆனாலும் அடையாளம் தெரிய
எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

ஃபைலைத் திறக்கச் சொன்னாள்.
லேயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும்
சின்னதாக ஒரு கண் இருக்கும்,
தட்டினால் மூடும்.
வட்டச் செயலாளர் போனார்.
மாமன்கள் சீர்த்தட்டோடு போனார்கள்.
புலி போனது, பத்து ரோஜா, ஒரு அருவி.
பட்டுப்புடவை போனபோது
அந்தரத்தில் தலை மட்டும் நின்றது,
யாரோ சிரித்து, ஜெரோம் முறைத்து, அடங்கியது.

"இன்னொரு கண்ணு தொறந்தே கீதே?"
அது நிறம்.
நாற்பது புள்ளி ஏற்றுவேன், எல்லோருக்கும்.
யாரும் கேட்டதில்லை, ஏற்றாதே என்றும் சொன்னதில்லை.
தட்டினேன்.
வெட்டியதையும் விலக்கினேன்.

அவள் அப்பா போனில் அனுப்பிய படம் வந்தது.
சிமெண்ட் ஷீட்டு, நீலக் குடம்,
பாவாடை மேல் ஸ்கூல் சட்டை,
உச்சி வெயில் கூசி ஒரு கண் பாதி மூடி,
மீதிக் கண்ணால் நேராகப் பார்த்தபடி.
கேட் திறந்து லாரிகள் கத்தின.
உள்ளே ஒருத்தரும் பேசவில்லை.

"இத்த ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்க."
மிச்சத் துண்டில் போட்டேன், ஒன்றரைக்கு இரண்டு அடி.
இருபது ரூபாய் வாங்கினேன்.
வாங்காமல் இருந்திருக்கலாம்.

வராந்தாவில் மாட்டியிருந்தார்கள்.
குளியல் மறைப்பாகக் கட்டியிருந்த பழைய பேனர்,
சோப்பு நுரை காய்ந்த தடத்தோடு.
பக்கத்தில் இந்தத் துண்டு.
கீழே அட்டையில் ஸ்கெட்ச் பேனாவில்:
எடுத்தது, அப்பா.
மூடியது, சங்கமம் டிஜிட்டல்ஸ்.
திறந்தது, எட்டு பி.
ஆய்வுக்கு வந்த அதிகாரி
'பூச்சாடி வரைபடம் எங்கே' என்றாராம்.

இன்று ராத்திரி நேதாஜி நகர் ஆர்டர்.
விடிவதற்குள் வேண்டும், பத்துக்கு இருபது.
பெண்ணின் படம் வாட்ஸப்பில் இன்னும் வரவில்லை.
திரையில் உடம்பு தயாராக நிற்கிறது,
கழுத்தில் நான் வெட்டிய ஓரம்,
அதில் ஒட்டியபடி
ஒரு சுருள் முடி.
ஏழு வருஷமாக இதைக் கவனித்ததில்லை.