பதினான்கு விநாடி

ராதர்ஹாமில் அந்த ஸ்டுடியோ முன்பு ஒரு தேவாலயம்.
டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே வைத்தோம்,
அடி ஒவ்வொன்றும் கூரைவரை போய்
ஈரத்தோடு திரும்பி வந்தது.
எண்பத்தைந்து, பிப்ரவரி. எனக்குப் பத்தொன்பது வயது.
டேப் மாட்டுவது, டேப் கழற்றுவது, தேநீர்.
கம்பெனி லண்டனிலிருந்து ஒரு சிந்தசைசரையும்
அதை வாசிக்க ஒரு சிடுமூஞ்சியையும் அனுப்பியிருந்தது.

பாரி ஓல்ட்ராய்ட் தோல் கால்சட்டையில் வருவார் என்று நினைத்திருந்தேன்.
முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர்,
கழுத்தில் மனைவியின் மஃப்ளர்.
குழு உடைந்தபின் தனியாக முதல் ஆல்பம்.
அட்டையில் மின்னல் இருக்கும் என்றார்கள்.
அவருக்கு மின்னல் பிடிக்காது.

மூன்றாம் பாட்டு. முடிவில் ஒரே ஒரு கூவல்.
இருபத்தாறு முறை ஏறிப் பார்த்தார்.
இருபத்தேழாவது நன்றாகவே இருந்தது.
நன்றாக இருந்தால் போதாத வருடம் அது.
யாரையும் பார்க்காமல்
சிகரெட் பிடிக்கக் கல்லறைப் பக்கம் போனார்.

தர்ல்பி கண்ணாலேயே மெஷினைக் காட்டினார்.
நான்தான் திருகினேன்.
டேப்பின் வேகம் கொஞ்சம் கூட,
சுருதி அரைக் கட்டை மேலே.
நகத்தளவு அசைவு.
சிம்பல் லேசாகத் தகரமாயிற்று,
நான்கு நிமிடம் பதினான்கு விநாடிப் பாட்டு
சரியாக நான்கு நிமிடத்தில் முடிந்தது,
கூவல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

திரும்பி வந்து கேட்டார்.
ஹெட்போனைக் கழற்றாமலே,
தேவைக்கு மேல் சத்தமாக,
'நானா அது?' என்றார்.
'வேறு யார்?' என்றார் தர்ல்பி.
நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அப்புறம் பதினோரு மாதம்
டார்ட்மண்ட், கிளீவ்லண்ட், ஒசாகா.
தன்னிடம் ஒருநாளும் இல்லாத சுரத்தைத்
தொலைத்துவிட்டதாக நினைத்து
ராத்திரிதோறும் தேடி ஏறினார்.
கிதார்காரன் டென்னிஸ் கோப்லி ஒன்றும் கேட்காமல்
தந்திகளை அரைக் கட்டை முறுக்கிக்கொண்டான்.
அவனுக்குத் தெரியும்.
தெரிந்த எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம்.
ஒசாகாவில் தொண்டையிலிருந்து ரத்தம்.
குடி என்று எழுதினார்கள்.
ஷெஃபீல்டில் அறுவைச் சிகிச்சை. பிறகு ஒரு கார்பெட் கடை.

போன நவம்பரில், டான்காஸ்டர் தொழிலாளர் கிளப்.
பிங்கோ முடிந்து மேசைகளைத் துடைத்து
ஒன்பதரைக்கு அவரை விட்டார்கள்.
எழுபதை நெருங்கிய உடம்பு, உயரமான ஸ்டூல்.
மூன்றாம் பாட்டு, கடைசி வரி.
மூச்சை இழுத்தார். அண்ணாந்து பார்த்தார்,
புறப்பட்டுவிட்ட கடைசி பஸ்ஸைப் பார்ப்பதுபோல.
ஏறவில்லை.
இறங்கினார். கீழே, இன்னும் கீழே,
இருமலுக்குப் பக்கத்து வீட்டில்
ஒரு சுரம் இருந்தது, அங்கேயே நின்றுவிட்டார்.
முன்வரிசையில் ஒருத்தி சிப்ஸ் மெல்வதை நிறுத்தினாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன்:
நான்கு நிமிடம் முப்பத்தோரு விநாடி.
நான் எடுத்த பதினான்கை
வட்டியோடு வசூலித்துக்கொண்டுவிட்டார்.

வாசலில் பழைய ஆல்பங்களில் கையெழுத்து.
சொல்லிவிடத்தான் வரிசையில் நின்றேன்.
'பெயர்?'
'ஜனீன்.'
'ஜி-யா, ஜே-யா?'
'ஜே.'
மின்னலின் மேலேயே எழுதினார், பேனா வழுக்கியது.
எனக்குப் பின்னால் நின்றவர்
கொஞ்சம் நகருங்கள் என்றார்.
நகர்ந்தேன்.