சிவப்பு உறை

அண்டி ஆபீசில் புண் என்றால்
அது கையில் வரவேண்டும்.
தோட்டெண்ணெய் பட்டு விரல்நுனி வெந்தால்
சாம்பலைத் தொட்டுக்கொண்டு
தல்லிக்கொண்டே இருக்கலாம்.
மேஸ்திரி பார்ப்பார், பக்கத்துப் பலகைக்காரி பார்ப்பாள்,
யாராவது ஒருத்தி
குப்பியில் தேங்காயெண்ணெய் கொண்டுவருவாள்.

இது கையில் வரவில்லை.

முதலில் ஒரு அரிப்பு.
பிறகு கடுகு தெறித்ததுபோல் நாலைந்து கொப்புளம்.
மூன்றாம் நாள் அவை உடைந்தபோது
மூத்திரம் போகப் பயந்து
விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல்
ஒருச்சாய்ந்து உட்கார்ந்து
எட்டுக் கிலோ பருப்பு எடுத்தேன்.

தக்கலைக்குப் பெண்களுக்கு பஸ் இலவசம்.
நாள் கூலி இலவசம் இல்லை.

சுகவாழ்வு மையம் என்று எழுதியிருந்தது.
வாசித்ததும் சிரிப்பு வந்தது,
அந்த எரிச்சலுக்கு நடுவிலும்.
ஒரு ஊசி போட்டு வெள்ளை உறை தந்தார்கள்.
பார்க்காமலே தந்தார்கள், வரிசை அவ்வளவு நீளம்.
அது வேறு புண்ணுக்கான மருந்து.
இன்னொரு நாள் கூலி.

இரண்டாம் தடவை இருந்த டாக்டரம்மா
திரையை இழுத்துவிட்டாள்.
குனிந்து பார்த்தாள்.
"ரொம்ப வலிச்சிருக்குமே" என்றாள்.
அப்போதுதான் அழுதேன்,
பத்து நாளாக அழாதவள்.

சிவப்பு உறை. இருபத்தொரு மாத்திரை,
ஒரு நாளைக்கு மூன்று.
ஜன்னலில் வாங்கி எண்ணினால்
ஒன்பதுதான் இருக்கிறது.
"ஸ்டாக் இல்ல மக்களே,
மிச்சத்துக்கு வியாழக்கிழம வாங்க."

கருங்கல் மருந்துக்கடைக்காரர்
எங்கள் சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர்.
அதனால் மார்த்தாண்டம் போனேன்.
"ஆருக்கு?"
"மாமியாருக்கு. முதுகுல அக்கி."
அக்கிக்கும் இதே மாத்திரைதானாம்.
நல்லவேளை,
இந்த மருந்துக்கு
மானமுள்ள ஒரு நோயும் இருக்கிறது.

"இது போகாது" என்றிருந்தாள் டாக்டரம்மா.
"நரம்போட அடியில போய் உறங்கும்.
மாத்திரை அதக் கொல்லாது, அடக்கி வைக்கும்.
அடுத்த தடவ அரிக்கும்போதே விழுங்கணும்,
புண்ணாகிற வரைக்கும் நிக்காத."
சரி, கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்று கேட்டேன்.
புண் இருந்தால்தான் உறை
என்றார்கள் ஜன்னலில்.

ஏசுவடியானுக்கும் ஒரு சீட்டு தந்தார்கள்,
அவரும் வந்து காட்ட வேண்டுமாம்.
எறணாகுளத்தில் கான்கிரீட் வேலை,
சனிக்கிழமை ராத்திரி வந்தார்.
சீட்டை மீன்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
படித்தார். மடித்தார்.
மரச்சீனியில் உப்பு குறைவு என்றார்.
திங்கள் விடியுமுன் அவர் ரயிலுக்குப் போனபிறகு பார்த்தால்
சீட்டைக் காணவில்லை.
கொண்டுபோனாரா, அடுப்பில் போட்டாரா,
இதுவரை நான் கேட்கவில்லை.
அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது,
அதையும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் தோல் மூடியது.
குடம் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு
வேண்டுமென்றே
இரண்டு தடவை வெளியே போய்வந்தேன்.

ஐப்பசி மழையில்
றெத்தினபாய் ஒருச்சாய்ந்து உட்கார்ந்தாள்.
மத்தியானம் குடத்துப் பக்கமே வரவில்லை.
சாயங்காலம் தோடு கூட்டுகிற சாக்கில்
அவள் பக்கம் போய்ச் சொன்னேன்:
"தக்கலை. கண் டாக்டர் ரூமுக்கு அடுத்த வாசல்.
எல்லாரும் கண்ணுக்குன்னுதான் நினைப்பாவ.
திரைய இழுக்கச் சொல்லு.
வெள்ளை தந்தா, ஒருக்கா பாத்துட்டுத் தாங்கன்னு சொல்லு."

அவள் நிமிரவில்லை.
தட்டிலிருந்த பருப்பை
முழுசு, பாதி, பொடி என்று
பிரித்துக்கொண்டே கேட்டாள்:

"விடியக்கால பஸ் எத்தன மணிக்கு?"