எட்டு அங்குலம்

டுலூத்தில் எல்லாத் தெருவும்
ஏரிக்குத்தான் இறங்குகிறது.

புது கேம்ஷாஃப்ட் போட்ட செவெல்
சிக்னலில் நின்று குமுறியது:
தடதட, ஒரு தயக்கம், தட.
பக்கத்துக் காரில் ஒரு பையன்
குளிரிலும் கண்ணாடியை இறக்கிக் கேட்டான்.
ஆரினுக்கு அது போதும்.

பச்சை.
நெரிசலில் ஊர்ந்து இறங்கும்போது
முதல் மிதிக்கு பிரேக் இணங்கியது.
இரண்டாவதற்குக்
கல்.
இரண்டு காலாலும் ஏறி நின்றான்.
ரொட்டிக்கடை வேனுக்கு ஒரு சாண் முன்னால்
நின்றது.

இரவு, கராஜில்,
மார்னி அளவுமானியைத் தட்டிப் பார்த்தாள்.
"எட்டு. பதினெட்டு இருந்த இடம்."

இத்தனை வருஷம் அவன் காலோடு சேர்ந்து மிதித்தது
என்ஜினுக்குள் இருந்த வெற்றிடம்.
அதை விற்றுத்தான்
உறுமல் வாங்கியிருக்கிறான்.

தனியாக ஒரு வேக்குவம் பம்ப் போடலாம், என்றாள்,
முந்நூறு டாலர்.

வேனை மறந்துவிட்டான் போல.
"போட்டால்
சத்தம் மாறுமா?"