ரசமட்டம்

முந்நூறு இலை, நிபோங் திபால் கல்யாணம்.
சாம்பார் இரண்டு அண்டா, ரசம் ஒன்று,
பாயசம், தண்ணீர்ப் பீப்பாய்,
எல்லாவற்றுக்கும் நடுவில்
மூடியைக் காலால் அழுத்திக்கொண்டு குமுதவேணி.
ஹைலக்ஸின் பின்பக்கம் மண்டியிட்டுவிடும்.
மருந்து விழுங்கும் பிள்ளை போல
முகத்தை வானத்துக்குக் காட்டியபடி ஓட்டிப் போவேன்.
எதிரே வருகிறவர்கள் விளக்கடித்துத் திட்டுவார்கள்.
என் வெளிச்சமெல்லாம் அவர்கள் கண்ணில்.
என் சாலை இருட்டில்.

பூன் லியோங்கின் பட்டறை ஜூருவில்,
வெல்டிங் கடைக்கும் மீன்தொட்டிக் கடைக்கும் இடையில்.
அக்கா என்பதை மலாயில் காக்கா என்பார்.
பதினாறு வருடமாயிற்று,
எனக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

சுமையில்லாமல் வரச் சொன்னார்.
சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை
அளவு நாடா பிடித்தார்.
முன்னால் பத்தொன்பது அங்குலம்,
பின்னால் இருபத்தொன்றேகால்.
"சும்மா நின்னா மூக்கு கீழ,
சுமை ஏறினா வால் கீழ.
உன் வண்டி எப்பவாவது நேரா நின்னிருக்கா, காக்கா?"

பிறகு வலப்பக்கம் போனார்.
இரண்டு தரம் அளந்தார்.
இடப்பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்வு.
குனிந்து உள்ளே பார்த்தார். இரண்டே சீட்டு.
என்னுடையது பள்ளமாகியிருந்தது.
மற்றதில் பில் புத்தகம், குடை, வாழைநார்க் கட்டு.
"இங்க யாரும் உட்கார்றதில்லையா?"
நான் அப்சார்பர் விலை கேட்டேன்.

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்றார்.
ஆயிரத்து அறுநூற்றைம்பதுக்கும்
ஒரு தூக்கு மீன்குழம்புக்கும் படிந்தது.

பின்னால் இருந்தவை விற்பட்டைகள்.
பெயரில்தான் வில்;
வளைவெல்லாம் போய் அடிக்கோல் மாதிரி கிடந்தன.
பழைய அப்சார்பரைத் தரையில் நிறுத்தி அமுக்கினார்.
உள்ளே போனது.
திரும்பி வரவில்லை.
வருமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
அவர் அதைக் குப்பையில் எறிந்த பிறகும்.

முன்னால் உயரமான சுருள்வில்,
பின்னால் கூடுதலாக ஒரு பட்டை.
வலப்பக்கத்துக்கு மட்டும்
தட்டை கனத்தில் ஓர் இரும்பு வளையம்.
சக்கரங்களை நேர்ப்படுத்தி, விளக்குகளைத் தாழ்த்தி,
கடைசியாக வண்டித் தட்டில்
குமிழி ஓடும் அந்தக் கட்டையை வைத்தார்.
தமிழில் அது ரசமட்டம் என்றேன்.
ரசம் அவருக்குத் தெரியும், வந்தால் இரண்டு கப் குடிப்பார்.
"சூப்பை வச்சா அளக்கறீங்க, உங்க ஆளுங்க?"
வேறெதை வைத்து, என்றேன்.

அடுத்த வாரம் சுங்கை பாக்காப்பில்
ஒரு பதினாறாம் நாள் காரியம்.
தாமானுக்குள் ஏழு மேடு.
ஒவ்வொன்றிலும் எனக்கு வயிறு இறுகியது,
வண்டிக்கு ஒன்றுமே இல்லை;
மூச்சு விடுகிறவள் மார்பு போல
ஏறித் தணிந்தது.
இறக்கி மூடியைத் திறந்தேன்.
அண்டாவின் உள்விளிம்பு காய்ந்திருந்தது.
நாலு விரல் கீழே, ஊற்றிய கோட்டிலேயே
ஒரு தக்காளித் தோல்.

திரும்புகையில்தான் தெரிந்தது.
காலிப் பாத்திரங்களோடு பின்பக்கம் உதைத்தது.
பாரத்துக்கென்று போட்ட பட்டை,
பாரமில்லையென்றால் முறைக்கிறது.
போகும்போது மூடி பிடிக்கவும்
வரும்போது பழக்கத்திலும்
பின்னால் உட்கார்கிற குமுதவேணி
எண்ணெய் நிலையத்தில் நிறுத்தச் சொல்லி
இடுப்பைப் பிடித்தபடி இறங்கி வந்தாள்.
இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.
கேட்கவில்லை.
பில் புத்தகத்தை மடியில் வைத்து,
குடையைக் காலடியில் தள்ளி,
பெல்ட் பூட்டும் இடத்தைத் தேடினாள்.
நாருக்கு அடியில் இருந்தது.

வெளிச்சம் இப்போது சாலையில் விழுகிறது.
பேசிக்கொண்டே வந்தாள்,
தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி,
பாயசத்தில் முந்திரி போதாததைப் பற்றி.
வண்டி இடப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருந்தது;
கைக்குத் தெரிந்தது.
பூன் லியோங்கிடம் சொல்லவேண்டும்,
அந்த வளையத்தைக் கழற்ற.
அவசரமில்லை.