கேட்புக் கம்பி

இரவு ஒன்றே முக்கால்.
எருத்தேம்பதித் தெருக்களில்
நாய்களும் நானும்.
பகல் இந்த வேலைக்கு ஆகாது.
லாரியும் மிக்சியும் பள்ளிக்கூட மணியும்
குழாய் பேசுவதைக் கேட்கவிடாது.

ஐந்தடிக் கம்பி.
ஒரு முனை வால்வின் தலையில்,
மறுமுனை காதோரத்து எலும்பில்.
நல்ல குழாய் ஊமை.
ஓட்டைக் குழாய்க்குப்
பல்லிடுக்கில் காற்று.

தொட்டிக்கு ஏறுவது ஆறு லட்சம் லிட்டர்.
மீட்டர்களில் வந்து சேர்வது நாலே கால்.
மிச்சத்துக்கு அலுவலகம் வைத்த பெயர்
கணக்கில் வராத நீர்.
அதைத் தேட வைத்திருக்கும் ஆள் நான்,
பதிவேட்டில் ‘ஹெல்ப்பர் 3’.

“கேரளாவில் இருக்கிறாய், உனக்கென்ன”
என்கிறாள் திருப்பூரிலிருந்து நாத்தனார்.
எங்கள் ஊருக்கு மேல் போவதெல்லாம்
எக்ஸ்பிரஸ் மேகம்.
இங்கே ஸ்டாப் கிடையாது.

மாசியிலிருந்து முறைத் தண்ணீர்.
மேற்குத் தெருவுக்குச் செவ்வாய்,
காலனிக்கு வெள்ளி,
ஒழலப்பதி ரோட்டுக்கு
வரும்போது.
மலையாள நோட்டீசில் அப்படித்தான் இருந்தது.
தமிழில் எழுதித் தரச் சொன்னார்
உதவிப் பொறியாளர் ஷைனி.
நான் எழுதினேன்:
‘பின்னர் அறிவிக்கப்படும்.’

ஸ்டனிஸ்லாசின் பஞ்சர் கடை வாசலில்
கம்பி சிலிர்த்தது.
டார்ச்சோடு பின்னால் போனேன்.
இடுப்புயரச் சேம்பு.
பங்குனியில் இத்தனை பச்சை
ஒரு வாக்குமூலம்.

சேம்புக்கு நடுவே குழி.
குழிக்குள் ஒரு பெயிண்ட் டப்பா,
கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப்.
அப்பால் மூன்று தகரக் கொட்டகை.
செங்கல் சூளைக்கு வந்த ஒடியாக்காரர்கள்.
இணைப்பு இல்லை, மீட்டர் இல்லை,
எந்தக் கிழமையும் இல்லை.
தூக்கம் கலைந்து வந்த பெண்
என்னைப் பார்க்கவில்லை,
கம்பியைப் பார்த்தாள்.
டப்பாவை எடுத்துக்கொண்டு போய்
உள்ளே வைத்தாள்.

காலையில் தோண்டினோம்.
ஜாயிண்ட்டில் விரல் நுழையும் விரிசல்.
சேம்பின் வேர் அதற்குள் போய்
வாய் வைத்திருந்தது.
வெட்டினோம். கிளாம்ப் போட்டோம்.
பொதுக் குழாய் கேட்டு மனு எழுதினேன்,
அவர்களுக்காக, என் கையெழுத்தில்.
பரிசீலனையில் இருக்கிறதாம்.

நாலாம் நாள் ஒழலப்பதி ரோட்டில்
கடைசி வீட்டுக் குழாய்
முதலில் இருமியது,
துரு துப்பியது,
அப்புறம் வந்தது.
முழுதாக ஒன்றரை மணி நேரம்.
கொண்டம்மாள் அண்டாவை விட்டுவிட்டு
ஓடிவந்து என்னிடம் கேட்டாள்,
“யாருடைய முறை இது?
தப்பாத் திறந்துட்டீங்களா?”

போனில் ஷைனி: “நின்னோ?”
“நின்னது” என்றேன்.

பதிவேட்டில்
இடம், ஆழம், குழாயின் விட்டம்,
கிளாம்ப் எண், செலவு,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
கடைசி போல்ட்டை
எத்தனை சுற்று முறுக்கினேன் என்பதற்கு
இல்லை.